எங்கே வைப்பது என்ற கேள்வி

அலுவலகக் கணிப்பொறியில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறிய சாளரத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். ஒரு கடிதத்தையோ கணக்கையோ தட்டச்சு செய்து முடித்து, கைக்கு வந்த இடத்தில் சேமிக்கப் போகும்போது அது எழுந்து வந்து மறிக்கிறது. இந்த இடத்தில் சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகுங்கள் என்கிறது. அதோடு நில்லாமல், வேண்டுமானால் ‘டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறீர்களா என்று பணிவாகக் கேட்கவும் செய்கிறது. வாசலில் நிறுத்திவிட்டுத் திண்ணையைக் காட்டும் வீட்டுக்காரரைப் போல.

அந்தச் செய்தியில் வரும் நிர்வாகியாக ஒன்பது வருடங்கள் நான் இருந்திருக்கிறேன். நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ இருநூறு கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யார் எங்கே கோப்புகளைச் சேமிக்கலாம், எங்கே சேமிக்கக்கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரம் என் கையில் இருந்தது. அதிகாரம் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. தொழில்நுட்பம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கியம் பேசும் பக்கத்தில் இதை எழுத ஒரே காரணம்தான். ஒரு மனிதர் தன் எழுத்தை எங்கே வைக்கலாம் என்று இன்னொருவர் விதிப்பது அடிப்படையில் கணிப்பொறிப் பிரச்சினை அல்ல என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது.

முதலிலேயே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுப்பாடு தேவை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கட்டுப்படுத்துகிறவர் அந்தக் கணமே ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கடனைப் பற்றி நம் அலுவலகங்களில் யாரும் பேசுவதில்லை.

*

கணிப்பொறியில் ‘என் இடம்’ என்ற எண்ணம் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் சற்றுத் தெளிவாகும். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே பெரிய இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை அது. பகிர்வு வந்ததும் கூடவே வேலியும் வந்தது. ஒருவருடைய கோப்புகள் இன்னொருவர் கையில் சிக்காதிருக்க ஆளுக்கொரு அடைவு, ஆளுக்கொரு கடவுச்சொல். 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இதை மேலும் ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொருவருக்கும் ஒரு ‘வீடு’ உண்டு. அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். வீட்டுக்குள் நம் விருப்பம்போல் எழுதலாம், அழிக்கலாம். வெளியே அனுமதி கேட்க வேண்டும். எல்லோரும் எழுதக்கூடிய பொது இடம் ஒன்றும் இருந்தது. அது தற்காலிகத்துக்கானது, அங்கே வைத்தது நாளை இருக்கும் என்று நம்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸில் இடத்துக்கு அளவும் வந்தது. இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பங்கீடு.

ஆக, கட்டுப்பாடு முதலில் வந்தது. கட்டற்ற சுதந்திரம் பின்னால் வந்தது. 1981இல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஓடிய டாஸுக்குப் பயனர் என்ற கருத்தே கிடையாது. மேசைமேல் இருக்கும் பெட்டி உங்களுடையது; அதில் எந்த மூலையில் வேண்டுமானாலும் எழுதலாம். இயங்குதளத்தின் உயிர்க்கோப்புகளைக்கூட ஒரு கட்டளையில் அழித்துவிடலாம். விண்டோஸ் 95, 98 வரைக்கும் நடைமுறை இதுதான். என் தலைமுறை கணிப்பொறி கற்றது இந்த இயந்திரங்களில். ஆகவேதான் சேமிக்க அனுமதியில்லை என்ற செய்தி எங்களுக்கு அவமதிப்பாகப் பட்டது. சொந்த வீட்டில் அலமாரியைத் திறக்க யாரிடமோ சாவி கேட்பதுபோல.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 நிலைமையை மாற்றியது. ஆக்டிவ் டைரக்டரி, குரூப் பாலிசி ஆகிய இரண்டும் அதோடு வந்தன. ஒரு நிர்வாகி தன் மேசையிலிருந்தபடியே ஆயிரம் கணிப்பொறிகளுக்கு விதி எழுதலாம். பயனர் ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்று நினைத்துத் திறக்கும் இடம் உண்மையில் வேறொரு அறையில் இருக்கும் வழங்கியாக இருக்கலாம். அவர் எதிரில் இருக்கும் பெட்டி மறுபடியும் அவருடையதாக இல்லாமல் ஆனது. 1960களின் வேலி திரும்பி வந்தது.

*

இந்த வேலிக்குக் காரணங்கள் உண்டு. வன்தட்டு என்பது சுழலும் இயந்திரப் பாகம், ஒருநாள் நின்றுபோகும். இருநூறு மேசைகளில் இருநூறு வன்தட்டுகள் இருந்தால் வருடத்துக்குச் சில நிச்சயமாகச் சாகும். ஒவ்வொன்றையும் நகலெடுத்து வைக்க எந்த அலுவலகத்திடமும் ஆளில்லை. ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் இரவில் ஒருமுறை நகலெடுத்துவிடலாம். இதற்கும் மேலாக, அலுவலகக் கோப்பு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அவர் விடுப்பில் போனால், வேலையை விட்டால், இறந்துபோனால் அடுத்தவர் அதை எடுத்தாக வேண்டும்.

அடுத்த காரணம் ரகசியம். 2007ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றிலிருந்து இரண்டு குறுந்தட்டுகள் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் முழுப் பட்டியல் அவற்றில் இருந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரங்கள் என ஏறத்தாழ இரண்டரைக் கோடி பேருடைய தகவல்கள். பதிவுத் தபாலில்கூட அனுப்பவில்லை. கடவுச்சொல் மட்டும் இருந்தது, மறையாக்கம் கிடையாது. தட்டுகள் போய்ச் சேரவில்லை. துறையின் தலைவர் பதவி விலகினார். அத்தனை பேருடைய வாழ்க்கை விவரத்தை இரண்டு தட்டுகளில் எழுத ஒரு கணிப்பொறி அனுமதித்தது என்பதில் தொடங்குகிறது அந்தக் கதை. அடுத்த வருடம், 2008 நவம்பரில், அமெரிக்க ராணுவம் தன் கணிப்பொறிகளில் யுஎஸ்பி நினைவகங்களைச் செருகக்கூடாது என்று தடை விதித்தது. மத்திய கிழக்கில் ஒரு முகாமில் மடிக்கணினி ஒன்றில் செருகப்பட்ட நினைவகத்தின் வழியாக உளவு நிரல் உள்ளே புகுந்திருந்தது.

மூன்றாவது காரணம் 2013 செப்டம்பரில் கிரிப்டோலாக்கர் வந்தபோது எனக்கு உறைத்தது. மின்னஞ்சல் இணைப்பாக வரும். திறந்தால் கோப்புகளையெல்லாம் மறையாக்கம் செய்துவிட்டுப் பணம் கேட்கும். அதற்குத் தனியாக எந்த மந்திர சக்தியும் தேவைப்படவில்லை. திறந்தவருக்கு எங்கெல்லாம் எழுத அனுமதி உண்டோ அங்கெல்லாம் அதுவும் எழுதியது. டிரைவ் எழுத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையமைப்புப் பகிர்வுகளையும் விட்டுவைக்கவில்லை. பயனருக்கு எழுத அனுமதியுள்ள ஓர் ஓரத்தில் தன்னைச் சேமித்துக்கொண்டு அங்கிருந்தே அது ஓடியது. ஆகவே அன்று எங்களைப் போன்றவர்கள் செய்த முதல் காரியம், பயனர் எழுதக்கூடிய அந்த இடங்களிலிருந்து எந்த நிரலும் ஓடக்கூடாது என்று விதி எழுதியதுதான். ஒருவருக்கு எவ்வளவு பரந்த அனுமதி கொடுக்கிறோமோ அவ்வளவு பரந்த சேதத்துக்கும் வழிசெய்கிறோம். இந்த வாதத்துக்கு இன்றுவரை எனக்கு மறுப்பு கிடைக்கவில்லை.

*

ஆனால் கட்டுப்பாட்டில் இரண்டு வகை உண்டு. பூட்டுவது ஒன்று, மறைப்பது இன்னொன்று. பூட்டு நேர்மையானது. இங்கே உனக்கு அனுமதியில்லை என்று கோப்பமைப்பிலேயே எழுதிவைப்பது. எந்த வழியாக வந்தாலும் கதவு திறக்காது. மறைப்பது வேறு. ‘மை கம்ப்யூட்டர்’ சாளரத்தில் சி டிரைவ் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய குரூப் பாலிசியில் ஒரு விதி உண்டு. டிரைவ் அங்கேயேதான் இருக்கும். பாதையைத் தட்டச்சு செய்தாலோ வேறொரு நிரலின் வழியாக வந்தாலோ திறந்துவிடும். திரைச்சீலையைத் தொங்கவிட்டுச் சுவர் என்று சொல்வது இது. நானும் தொங்கவிட்டிருக்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் காரணம். விவரம் தெரிந்தவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாதவர்கள், தங்கள் இயந்திரத்தில் ஏதோ காணாமல் போய்விட்டது என்று பயந்து போன் செய்வார்கள்.

மறைப்பின் உச்சம் என்று விஸ்டாவைச் சொல்லலாம். 2007இல் பொதுமக்களுக்கு வந்த அந்த இயங்குதளத்தில், பழைய நிரல் ஒன்று தனக்கு அனுமதியில்லாத ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவில் எழுத முயன்றால், மறுப்பதற்குப் பதிலாக விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்பைப் பயனருடைய கணக்குக்குள் ஆழமான வேறோர் அடைவில் வைத்துவிடும். நிரலுக்கு அது கேட்ட இடத்திலேயே எழுதியதாகத் தோன்றும். பழைய நிரல்கள் முறிந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதற்கான நியாயம் இருந்தது. ஆனால் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று அந்தப் பயனருக்குத் தெரியாது. அதே கணிப்பொறியில் இன்னொருவர் தன் பெயரில் நுழைந்து அதே இடத்தில் தேடினால் கோப்பு இருக்காது.

தடுத்தால் கோபம் வரும். மறைத்தால் குழப்பம்தான் வரும். கோபப்படுகிறவர் வந்து கேட்பார், அவருக்குப் பதில் சொல்லலாம். குழம்பியவர் கேட்பதில்லை. தனக்குக் கணிப்பொறி தெரியாது என்று முடிவு செய்துகொண்டு ஒதுங்கிவிடுவார். நிர்வாகத்துக்கு இந்த இரண்டாவது வகை மனிதர் வசதியானவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் சங்கிலியிட்ட நூலகம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்தின் அட்டை விளிம்பிலும் ஒரு சங்கிலி; அதன் மறுமுனை அலமாரியில் ஓடும் இரும்புக் கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். சங்கிலி சிக்காமலிருக்கப் புத்தகங்களை முதுகு உள்ளே போகும்படி அடுக்கியிருப்பார்கள். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிறைச்சாலை நினைவு வரும். ஆனால் அந்தச் சங்கிலிக்கு முன்னால் புத்தகங்கள் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்பதை நினைத்துக்கொண்டால் காட்சி தலைகீழாக மாறும். பெட்டியில் கிடந்ததை வெளியே எடுத்து, யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம் என்று வைக்கும் துணிச்சலைச் சங்கிலிதான் கொடுத்தது. அலமாரியோடு சேர்ந்தே சாய்வுமேசையும் உண்டு. சங்கிலியின் நீளம் புத்தகத்தை அந்த மேசைவரை கொண்டுவரப் போதுமானது.

எனக்கு இந்த நீளம் முக்கியமாகப் படுகிறது. கட்டுகிறவர், கட்டப்படுகிற பொருள் எதற்காக இருக்கிறது என்று யோசித்திருக்கிறார். புத்தகம் படிப்பதற்கு, ஆகவே சங்கிலி மேசையை எட்ட வேண்டும். நான் எழுதிய விதிகளில் இந்த யோசனை இருந்ததா என்று கேட்டுக்கொண்டால், இல்லை.

*

அந்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. கணிப்பொறிகளைச் சுத்தப்படுத்தும் ஒரு வாரயிறுதியில் அவருடைய இயந்திரத்தையும் நான் முழுமையாக அழித்து, விண்டோஸை மறுபடி நிறுவினேன். டி டிரைவையும் சேர்த்து அழித்தேன். விதி தெளிவாக இருந்தது: அலுவலகக் கோப்புகள் எல்லாம் வழங்கியில் மட்டுமே இருக்க வேண்டும், உள்ளூர் டிரைவில் இருப்பவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. மூன்று முறை சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். டி டிரைவில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது என்றார். பதினோரு வருடங்களாக எழுதிவந்தது. கேட்ட பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. எந்த வாடிக்கையாளர் எந்த மாதத்தில் பணம் தாமதிப்பார், ஏன். எந்தக் கணக்கில் பழைய தகராறு ஒன்று வாய்மொழியாகத் தீர்க்கப்பட்டது. யாரிடம் எப்படிப் பேச வேண்டும். எந்த விலைப்பட்டியலில் அச்சுப்பிழை இருந்து அதை யார் ஒப்புக்கொண்டார்கள். பேரேட்டில் ஏறாத எல்லாமும் அதில் இருந்தது. நிறுவனத்துக்காக ஒருவர் தானாக எழுதிவந்த நினைவுக்குறிப்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

ஏன் சார் வழங்கியில் வைக்கவில்லை என்று கேட்டேன். அங்கே நாங்கள் கொடுத்திருந்த அடைவுகளின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். விலைப்பட்டியல், ரசீது, மாதாந்திர அறிக்கை, தணிக்கை. “இதுல எதுக்குள்ள தம்பி அதைப் போடுறது? அது அறிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் பாக்குற எடத்துல வைக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு” என்றார். வன்தட்டிலிருந்து மீட்க முயன்றேன். மேலே புதிதாக எழுதிவிட்டதால் உருப்படியாக எதுவும் வரவில்லை. “பரவாயில்ல, உங்க வேலைய நீங்க செஞ்சீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அவர் அதை எழுதத் தொடங்கவில்லை. ஓய்வு பெறும்போது அது அவரோடு போய்விட்டது.

விதிப்படி தவறு அவருடையது. சுற்றறிக்கையில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. ஆனால் முடிந்தவற்றுக்கும் முறையானவற்றுக்கும் மட்டுமே நாங்கள் இடம் கொடுத்திருந்தோம். முடியாதவற்றுக்கு, அரைகுறையானவற்றுக்கு, இன்னும் பெயர் வைக்கப்படாதவற்றுக்கு எங்கள் வழங்கியில் இடமே இல்லை. எழுதுகிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா எழுத்தும் முதலில் அப்படித்தான் இருக்கிறது.

*

2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. லித்தியம் அயன் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தொடங்கிய தீ. அரசின் 709 கணிப்பொறி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிப்படியாக மீட்க வழி இருந்தது. ஆனால் ‘ஜி-டிரைவ்’ என்று அழைக்கப்பட்ட ஒன்றுக்கு இல்லை. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பொதுக் களஞ்சியம் அது. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம். மொத்தம் 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே எங்கும் அதற்குக் காப்பு நகல் வைக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அது முழுமையாக எரிந்துபோனது.

இந்தச் செய்தியில் என்னை நிறுத்திவைத்தது அளவு அல்ல. வேலைக் கோப்புகளை அலுவலகக் கணிப்பொறியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று 2018இலேயே வழிகாட்டுதல் கொடுக்கப்பட்டிருந்தது. இதைப் பொருட்படுத்தாத துறைகள் அதிகம் இழக்கவில்லை. அரசு ஊழியர்களின் பணி நிர்வாகத்தைக் கவனிக்கும் அமைச்சகம் இதைக் கறாராகக் கடைப்பிடித்து, எல்லாவற்றையும் அங்கேயே வைக்கச் செய்திருந்தது. மிக மோசமாக அடிபட்டது அந்த அமைச்சகம்தான். பிறகு எங்கிருந்து மீட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். கடந்த ஒரு மாதத்தில் தனிக் கணிப்பொறிகளில் தங்கிப்போனவை, மின்னஞ்சல்கள், அச்சிட்ட தாள்கள். விதி எவற்றையெல்லாம் களஞ்சியமாக ஒப்புக்கொள்ளவில்லையோ அவையெல்லாம்.

கீழ்ப்படிந்தவர் எல்லாவற்றையும் இழந்து, மீறியவர் காப்பாற்றிக்கொள்கிறார் என்றால், அந்த விதியை எழுதியவர்தான் தலைகுனிய வேண்டும்.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ உருவாகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி வழங்கியிலிருந்து மறைந்துபோனது. காப்பு நகலைத் தேடியபோது அது சில வாரங்களாகச் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. படத்தின் மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்தது. அந்த இயந்திரத்தைப் போர்வைகளில் சுற்றிக் காரில் வைத்து எடுத்துவந்தார்கள். படம் பிழைத்தது.

நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பி அதைச் செய்யவில்லை. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மனிதர்களிடம் கிடந்த பிரதிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டார். ஏடுகளெல்லாம் ஒரே மடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்து, அதை எல்லோரும் கடைப்பிடித்திருந்தால், ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

*

அப்படியானால் கட்டுப்பாட்டைத் தூக்கிவிடலாமா? நண்பர் ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். மனிதர்களை அவரவர் போக்கில் விட்டால் தானாகவே பல இடங்களில் பல நகல்கள் சேர்ந்துவிடும், அதுவே பாதுகாப்பு என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் தொலைந்த இரண்டு குறுந்தட்டுகளும் அப்படிப் பிறந்த நகல்கள்தான். சஸ்மன் வீட்டில் இருந்த நகல் ஒரு நல்ல தற்செயல். தபாலில் தொலைந்தது ஒரு கெட்ட தற்செயல். தற்செயலை நம்பி இரண்டரைக் கோடி பேருடைய வங்கிக் கணக்கை விட்டுவைக்க முடியாது. கணக்குப் பிரிவுப் பெரியவரின் வன்தட்டு எந்த நாளும் தானாகவே செத்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆகவே நான் விதியின் பக்கமே நிற்கிறேன்.

ஆனால் விதியைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். உன் மேசையில் வைக்காதே என்று ஒருவரிடம் சொல்லும்போது, அவர் தன் எழுத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டதற்கு ஈடாகச் சிலவற்றைக் கொடுத்தாக வேண்டும்.

முதலாவது, நகல். இங்கே மட்டும் வை என்று சொல்ல உரிமையுள்ளவர், அந்த ‘இங்கே’ எரிந்தாலும் வேறோர் ஊரில் இன்னொன்று இருக்கும் என்று சொல்லக் கடமைப்பட்டவர். அளவு பெரிது, செலவு அதிகம் என்பது பதிலாகாது. நகலெடுக்க முடியாத அளவுக்குச் சேர்க்கச் சொல்லாதீர்கள். அல்லது, இதற்கு நகல் இல்லை, உங்கள் பொறுப்பில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நகல் இருக்கிறது என்று சொல்வதும் போதாது. அவ்வப்போது அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிக்ஸாரிலும் நகலெடுக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது.

இரண்டாவது, வரைவுக்கு இடம். ஒவ்வொருவருக்கும் வழங்கியிலேயே தனக்கென்று ஓர் அடைவு, பெயரிடப்படாத கோப்புகளுக்கு, மேலதிகாரி கண்ணில் படாமல். யூனிக்ஸ் அதற்கு வீடு என்று பெயர் வைத்தது. அது இருந்திருந்தால் டி டிரைவின் தேவையே அந்தப் பெரியவருக்கு வந்திருக்காது. மனிதர்கள் விதியை மீறுவது பெரும்பாலும் திமிரினால் அல்ல. வைக்க வேறு இடமில்லாததால் மீறுகிறார்கள். எங்கே மீறுகிறார்கள் என்று கவனித்தால் எங்கே இடம் போதவில்லை என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, நேர்மை. பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள், திரைச்சீலை வேண்டாம். இன்று இதன் அவசியம் கூடியிருக்கிறது. 2018இலிருந்து மைக்ரோசாஃப்ட், ஒருவருடைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை அப்படியே ஒன்டிரைவுக்கு நகர்த்தும் வசதியை நிர்வாகிகளுக்குக் கொடுத்திருக்கிறது. திரையில் எதுவும் மாறியதாகத் தெரியாது. கோப்பு இயந்திரத்திலும் இருக்கலாம், எங்கோ ஒரு தொலைதூரக் கிடங்கில் மட்டும் இருந்துகொண்டு இங்கே தன் பெயரைக் காட்டிக்கொண்டும் இருக்கலாம். இணையம் அறுந்த நாளில்தான் வித்தியாசம் தெரியும். வசதியானது, பாதுகாப்பானதும்கூட. ஆனாலும் எழுதியவருக்குத் தன் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். சொல்வதில்லை.

நான்காவது, அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி. விதி என்ன சொன்னாலும், ஒரு வன்தட்டைத் துடைப்பதற்கு முன்னால் அந்த மேசைக்குப் போய், இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்பது. சுற்றறிக்கை அனுப்புவது கேட்பதாகாது. இருநூறு மேசைகளுக்கு நேரமில்லை என்று நான் அப்போது நினைத்தேன். ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மொத்தம் பதினேழு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். பதினோரு வருடங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

*

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எழுதுகிற மனிதர்களின் திரைகளை என்னையறியாமல் பார்க்கிறேன். டெஸ்க்டாப் முழுக்கச் சிதறிக்கிடக்கும் கோப்புகள். ‘புதிய ஃபோல்டர் 3’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’. முன்பு அவை எனக்கு ஒழுங்கின்மையாகத் தெரிந்தன. இப்போது, கைக்கெட்டும் தூரத்தில் தன் வேலை இருக்க வேண்டும் என்ற சாதாரண ஆசையாகத் தெரிகின்றன. அதைத் திருத்தலாம்; அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. திருத்துகிறவர், அந்தச் சங்கிலி மேசைவரை எட்டுகிறதா என்று ஒருமுறை பிடித்திழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.